பனிக்கட்டியில் டிராக்டர்: சக்கரத்துக்குச் சங்கிலி எதற்கு?

மூன்று டன் எடையுள்ள ஒரு டிராக்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோடையில் நிலத்தை உழுவதும், பாரம் ஏற்றிய வண்டியை இழுப்பதும் அதற்கு எளிய வேலைகள். அதே டிராக்டர் குளிர்காலத்தில், பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. எஞ்சின் உறுமுகிறது, பின்சக்கரங்கள் சுழல்கின்றன, வண்டி மட்டும் நகர்வதில்லை.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களின் பால்பண்ணைகளில் இது பழக்கமான தொல்லை. மாடுகளுக்கு உலர்புல் கொண்டுசெல்லவும், பாதையில் குவிந்த பனியை ஒதுக்கவும் அங்கே குளிர்காலத்திலும் டிராக்டர் வேண்டும். ஆகவே உழவர்கள் அதன் சக்கரங்களில் இரும்புச் சங்கிலிகளைப் பூட்டுகிறார்கள். டிராக்டரின் எடையோடு ஒப்பிட்டால் சங்கிலியின் எடை அற்பம். அப்படியானால் அது எவ்வாறு உதவுகிறது?

வண்டியைத் தள்ளுவது எது?

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றத்தான் முடியும். சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தத் தள்ளுவிசை உராய்விலிருந்து கிடைப்பது. அதன் பெரும அளவு, சக்கரத்தின்மீது விழும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கும்.

நமது டிராக்டரின் 3,000 கிலோகிராமில் 1,800 கிலோகிராம் பின்சக்கரங்களின்மேல் விழுவதாகக் கொள்வோம். அதன் எடை 17,640 நியூட்டன். உலர்ந்த கான்கிரீட் தரையில் ரப்பருக்கு உராய்வுக் குணகம் சுமார் 0.7, ஆகவே 12,000 நியூட்டனுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். பனிக்கட்டியில் குணகம் சுமார் 0.1 தான். கிடைப்பது 1,764 நியூட்டன். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசையோ 2,940 நியூட்டன்! எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் உடையதாக இருந்தாலும் பயனில்லை.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது?

‘அழுத்தத்தால் பனிக்கட்டி உருகுகிறது, அந்த நீரில் சக்கரம் வழுக்குகிறது’ என்று பலர் கூறுவர். கணக்கிட்டுப் பாருங்கள். அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை 0.0075 டிகிரி செல்சியஸ் அளவே குறையும். டிராக்டர் டயர் தரைக்குத் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம். பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை உருக்க இது போதாது.

உண்மைக் காரணம் பனிக்கட்டியின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. உள்ளிருக்கும் மூலக்கூறுகளை எல்லாப் பக்கங்களிலிருந்தும் அண்டை மூலக்கூறுகள் பிணைத்திருக்கின்றன. மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு மேலே துணை இல்லை. அவை எளிதாக இடம் பெயரும். பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் உண்டு என்று மைக்கேல் ஃபாரடே 1850 அளவிலேயே கருதினார். சக்கரம் சறுக்கும்போது உண்டாகும் உராய்வு வெப்பமும் வழுக்கலைக் கூட்டுகிறது.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பனிக்கட்டிக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வு பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி அளவில் மிகக் குறைவாக இருந்தது. அதைவிட வெப்பநிலை ஏறினால் உராய்வு மீண்டும் கூடியது. ஏன்? பனிக்கட்டி இளகுவதால் எஃகு அதில் பதிந்து, உழுதுகொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் ‘பதிதல்’தான் சங்கிலியின் இரகசியமும்.

கீறிப் பிடிக்கும் கண்ணிகள்

ஒரு பின்சக்கரம் தாங்கும் எடை 8,820 நியூட்டன். டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 880 சதுர சென்டிமீட்டர் எனில், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 நியூட்டன். இப்போது சங்கிலி பூட்டுகிறோம். எடையில் பாதியைக் கண்ணிகள் தாங்குவதாகவும், அவற்றின் விளிம்புகள் 5 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டுமே தரையைத் தொடுவதாகவும் கொள்வோம். அழுத்தம் 882 நியூட்டன் ஆகிவிடுகிறது. ஏறக்குறைய 90 மடங்கு! கண்ணி பனிக்கட்டியைக் கீறி உள்ளே பதிகிறது. சக்கரம் வழுக்க வேண்டுமானால் இனிப் பனிக்கட்டியை உடைத்தாக வேண்டும்.

நம் ஊரில் சேற்றுழவுக்கு டிராக்டரில் ‘கேஜ் வீல்’ மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சக்கரம் புதையாதிருக்கப் பரப்பைக் கூட்டுகிறோம். இங்கே சக்கரம் பதிவதற்காகப் பரப்பைக் குறைக்கிறோம்.

டிராக்டர்கள் முன்பு முட்கள் பதித்த இரும்புச் சக்கரங்களில் ஓடின. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயர் பொருத்திய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் டயருக்கான சங்கிலி அதற்கு முன்பே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் மோட்டார் வண்டிகளுக்காக அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

பூட்டும் முறை

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சங்கிலியை முறுக்கின்றி டயரின்மேல் போர்த்துவார்கள். கொக்கிகளின் திறந்த முனை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ரப்பரைக் குத்திக் கிழிக்கும். உட்புறக் கொக்கியை முதலில் மாட்டி, பின்பு வெளிப்புறத்தை இழுத்து இறுக்க வேண்டும். சில மீட்டர் தூரம் மெதுவாக ஓட்டினால் கண்ணிகள் தம் இடத்தில் அமரும். அப்போது தளர்வு தெரியும். மீண்டும் இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி சுழற்சியில் வெளியே வீசப்பட்டு மட்கார்டை அடித்து நொறுக்கும்.

சங்கிலியின் அமைப்பும் முக்கியம். ஏணி வகையில் குறுக்குச் சங்கிலிகள் ஏணிப்படிகள்போல் அமைந்திருக்கும். அவை முன்னும் பின்னும் வழுக்குவதைத் தடுக்கும். பக்கவாட்டில் வழுக்குவதை அவ்வளவாகத் தடுக்கா. டிராக்டர் டயரின் உயர்ந்த ரப்பர் மேடுகளுக்கு இடையே அவை விழுந்து மறைந்துவிடுவதும் உண்டு. சாய்சதுர வடிவில் பின்னிய சங்கிலி மேடுகளின்மேலேயே தங்கி, இரு திசைகளிலும் பிடிக்கும்.

ஏறிய சரிவில் இறங்க முடியுமா?

சங்கிலியால் உராய்வுக் குணகத்துக்கு இணையான எண் 0.25 ஆக உயர்ந்ததாகக் கொள்வோம். தள்ளுவிசை 4,410 நியூட்டன். டிராக்டர் சரிவில் ஏறிவிடும். ஆபத்து இனிமேல்தான் இருக்கிறது.

மேலேயுள்ள கொட்டகையில் 500 கிலோகிராம் உலர்புல் கட்டு ஒன்றை முன்புறத் தூக்குகரத்தில் ஏற்றிக்கொண்டு அதே சரிவில் இறங்குகிறோம். கட்டு முன்னச்சுக்கு 1.5 மீட்டர் முன்னே இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். முன்னச்சைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால், பின்சக்கரங்களின்மேல் 375 கிலோகிராம் குறைந்துவிடும். இறக்கத்தில் வண்டியின் எடையும் முன்பக்கம் சாய்வதால் மேலும் நூறு கிலோகிராமுக்கு மேல் குறையலாம். எஞ்சுவது சுமார் 1,300 கிலோகிராம். இரு சக்கர இயக்க டிராக்டர்களில் பொதுவாகப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. எனவே தடுக்கும் விசை சுமார் 3,190 நியூட்டன். கீழே இழுக்கும் விசை 3,430 நியூட்டன். சங்கிலி இருந்தும் வண்டி நிற்காது!

இதனால்தான் அனுபவமுள்ள உழவர்கள் டிராக்டரின் பின்னால் பாரம் கட்டுகிறார்கள்; சுமையைத் தாழ்த்திப் பிடிக்கிறார்கள்; நான்கு சக்கர இயக்கம் இருந்தால், இறங்கத் தொடங்கும் முன்பே அதை இணைத்து முன்சக்கரங்களையும் தடுக்கச் செய்கிறார்கள். குறைந்த கியரில் மெல்ல இறங்குகிறார்கள்.

பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோகிராம் பாரம் தொங்கவிட்டால், பின்சக்கரங்களின்மேல் எடை எவ்வளவு கூடும்? அப்போது அந்த டிராக்டர் சரிவில் நிற்குமா? பாரத்தின் எடையும் வண்டியைக் கீழே இழுக்கும் என்பதை மறவாமல், நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.