கொக்கி எங்க சார்?

நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு போவதே கொஞ்சம் திமிர்தான். மாட்டு வண்டிக் காலத்துச் சந்தைத் தெரு அது. போன ஐப்பசியில் ஒரு நாள் அந்தத் திமிருக்குக் கூலி கிடைத்தது. மட்டிப்பழக் குலையை டிக்கியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முதல் கியர் போட்டேன். எஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. இரண்டாவது கியர், ரிவர்ஸ், எதற்கும் அதே உறுமல்தான். கிளட்ச் பிளேட் போய்விட்டது. பின்னால் ஒரு டெம்போ, அதன் பின்னால் மூன்று ஆட்டோ. எல்லாரும் ஹாரனில் பேசினார்கள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இருவர் வந்து, "நியூட்ரல்ல போடுங்க சார், பைய பிரேக்க விடுங்க" என்று தோள் கொடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒருவர் வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் ரெக்கவரி வண்டி வந்தது. அதை ஓட்டிவந்த தம்பி என் கார் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பம்பரில் இருந்த சின்னச் சதுர மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே மரை வெட்டிய ஒரு துளை. ஆறு வருடம் ஓட்டிய காரில் அப்படி ஒரு துளை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். "கொக்கி எங்க சார்?" என்றார். இழுக்க வந்தவர் அவர், கொக்கியை என்னிடம் கேட்கிறாரே என்று விழித்தேன்.

இப்போதைய பெரும்பாலான கார்களோடு தனியாக ஒரு இழுவைக் கொக்கி வருகிறது. அதை அந்தத் துளையில் திருகிவிட்டால், உள்ளே இருக்கும் சட்டத்தோடு அது ஒன்றாகிவிடும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் பம்பர் கையோடு வராது. என் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது கொக்கி வந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

பீடிக்காரர் அத்தனை இரும்பை அலட்சியமாகத் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. சமதளத்தில், காற்று சரியாக இருக்கும் டயர் உருண்டு போக, வண்டி எடையில் ஒன்று, ஒன்றரை சதவீத விசை போதும். 1,000 கிலோ கார் என்றால் 10 முதல் 15 கிலோவைத் தூக்கும் பலம்தான். அரை மூட்டை வெங்காயத்துக்கும் குறைவு. அதே காரை 12 டிகிரி சரிவில் ஏற்றவேண்டும் என்றால் கணக்கு 200 கிலோவைத் தாண்டும். விபத்தில் தகடு நெளிந்து டயரில் குத்தி, சக்கரம் சுற்றாமல் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே வரவேண்டும் என்றால் 700 கிலோ வரை போகும். தோளால் ஆகிற காரியமில்லை.

அதற்குத்தான் வின்ச். லாரியின் தட்டு பின்னால் வழுக்கிவந்து, சாய்ந்து தரையைத் தொடும். எஃகு வடத்தை ஒரு உருளை பைய சுருட்டச் சுருட்ட, கார் தானாக ஏறிப் போவது போல ஏறும். வடம் திணறினால் காரோடு ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து லாரியிலேயே கட்டிவிடுவார்கள். கிணற்றுக் கப்பி ஒரே இடத்தில் இருப்பது, அதனால் இழுக்கும் திசை மட்டுமே மாறும். சுமையோடு சேர்ந்து நகரும் கப்பியில் பாரம் இரண்டு வடத்துக்குப் பங்காகும். வின்ச் பாதி பலத்தில் இழுத்தால் போதும்.

இந்தக் கப்பியில்தான் ரெக்கவரி வண்டியின் பிறப்பே இருக்கிறது. 1916-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் சாட்டனூகாவில் ஒருவருடைய கார் ஓடைக்குள் கவிழ்ந்தது. ஆட்கள், கயிறு, மரக்கட்டை என்று எல்லாம் சேர்ந்து அதை மேலே கொண்டுவர ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடித்ததாம். உதவப் போயிருந்த மெக்கானிக் எர்னஸ்ட் ஹோம்ஸ் வீட்டுக்கு வந்து, 1913-ஆம் வருடத்து காடிலாக் கார் ஒன்றில் மூன்று கம்பங்களும் ஒரு கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். இன்றைக்கு அதே ஊரில் ரெக்கவரி வண்டிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ஊரில் இன்னும் கயிறு கட்டி இழுப்பதுதான் முதல் யோசனை. சட்டம் அதற்கும் அளவு வைத்திருக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடும் வண்டியில் ஸ்டீயரிங் பிடிக்க லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கவேண்டும். அந்த ஆளின் பாடு எழுத்தில் அடங்காது. எஞ்சின் ஓடாததால் பிரேக் இரண்டொரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், ஸ்டீயரிங் ஆட்டுக்கல் போலக் கனக்கும். பழக்க தோஷத்தில் சாவியை உருவிவிட்டாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது, முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் உருட்டிப்போகும் கிரேன். முன்சக்கரத்தை எஞ்சின் சுற்றும் சின்ன மேனுவல் கார்களுக்கு அது போதும். ஆட்டோமேட்டிக் காரில், எஞ்சின் சுற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துப்போனால் கியர்பாக்ஸ் காலி. அதற்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடுவது. எஞ்சின் நின்றபின் சக்கரம் மட்டும் சுற்றினால் பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் காய்ந்து சூடாகும். மின்சாரக் காரில் சங்கதி வேறு. சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும், நாலு சக்கரமும் தரையில் படாத தட்டு லாரிதான் சரி. போனில் கூப்பிடும்போதே கார் என்ன ரகம் என்று சொல்லிவிட்டால் கிரேன் வந்து திரும்பிப்போகும் கூலி மிச்சம்.

கூலி என்றதும் இன்சூரன்ஸ் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் மிக மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விபத்தா சார், பிரேக்டவுனா?" பணம் யார் பையிலிருந்து போகும் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசியில், கேட்காமலே ஒரு இழுவைத் தொகை உண்டு. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகத்தின்படி, சேதமான காரைப் பாதுகாத்து, அருகிலுள்ள ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்ச் சேர்த்து, பிறகு உங்களிடம் திருப்பித் தருவதுவரை ஆகும் நியாயமான செலவு, ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய்வரை. இருசக்கர வண்டி என்றால் 300. 2007-இல் விலைக் கட்டுப்பாடு போனது, வாசகம் போகவில்லை. என் பாலிசியிலும் அதே 1,500 இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு டீ என்ன விலை என்று யோசித்தால் இந்தத் தொகையின் வயது புரியும்.

இந்த 1,500-உம், பாலிசி ஏற்றுக்கொள்ளும் சேதத்துக்கு மட்டும்தான். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயலில் குமரி மாவட்டமெங்கும் மரங்கள் சாய்ந்தனவே, வீட்டு வாசலில் சும்மா நின்ற கார்மேல் மரம் விழுந்திருந்தால் அது கணக்கில் வரும். நடுத்தெருவில் கிளட்ச் போனால் வராது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு மரம் விழுந்தாலும் ஒன்றும் இல்லை.

என்னைப்போல் விபத்தே இல்லாமல் வழியில் நின்றுபோகிறவர்களுக்கு இருப்பது ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்ற கூடுதல் கவர். பிரீமியத்தோடு இன்னும் கொஞ்சம் கட்டவேண்டும். பேட்டரி இறங்கினால் வந்து உயிர் கொடுப்பார்கள், பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றுவார்கள், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறப்பார்கள், பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவருவார்கள் (பெட்ரோல் காசு பெரும்பாலும் நம்முடையது). எதற்கும் மசியாவிட்டால் இழுத்துப்போவார்கள். புதுப்பிக்கும்போது அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டுச் சில நூறு ரூபாய் லாபம் பார்த்த கெட்டிக்காரன் நான்.

கவர் இருப்பவர்களும் பார்க்கவேண்டியது கிலோமீட்டர் கணக்கு. 50 கிலோமீட்டர் வரை இலவசம் என்று போட்டிருந்தால், நாகர்கோவிலில் நிற்கும் கார் மார்த்தாண்டத்துக்கு இலவசமாகப் போகும், திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகாது. மிச்சத் தூரத்துக்கு லாரிக்காரரிடம் ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடவேண்டும். வருடத்துக்கு எத்தனை முறை என்ற வரம்பும் உண்டு. இதே சேவையைக் கார் கம்பெனியும் தனியாக விற்கிறது. ஒன்று இருந்தால் இன்னொன்று வீண். சுங்கம் கட்டும் தேசிய நெடுஞ்சாலையில், நாங்குநேரி பக்கம் மாட்டிக்கொண்டீர்கள் என்று வையுங்கள், 1033-ஐ அழைத்தால் கிரேன் அனுப்புவார்கள். அது வண்டியைப் பாதையிலிருந்து பத்திரமான இடத்துக்கு நகர்த்தும் உதவிதான், உங்கள் மெக்கானிக் வாசல்வரை வராது.

வெள்ளத்தில் நின்ற காரைத்தான் ஜனங்கள் அதிகம் பாழாக்குகிறார்கள். 2021 நவம்பரில் குமரி மாவட்டம் மிதந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, தண்ணீர் அமுங்காத பொருள். அப்போது வளைவது பிஸ்டனைத் தாங்கும் ராடுதான். வெள்ளச் சேதம் பாலிசிக்குள் வரும். சாவியைத் திருப்பியதால் உடைந்த எஞ்சினைப் பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்று வேறு கவர் வேண்டும். பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டி அதனால் சேதம் கூடினால் அது உங்கள் பாடு என்று பாலிசி நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. நனைந்த காரைச் சாவி போடாமல் லாரியில் ஏற்றுவதற்குத் தரும் கூலிதான் அன்றைக்கு மலிவான செலவு.

அன்று அந்தத் தம்பி கொக்கி இல்லாமலே சமாளித்தார். மழை ஈரத்தில் மல்லாக்கப் படுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் லோயர் ஆர்மில் பட்டை கட்டி ஏற்றினார். எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் கம்போளத்துச் சேறு. கூலிக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கவில்லை. மட்டிப்பழம் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டார்.

உங்கள் கார் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்திலோ அடியிலோ, ஜாக்கியோடு அந்தக் கொக்கி பெரும்பாலும் செருகியிருக்கும். இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். சில கார்களில் அதன் மரை இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்.