அடிக்கடி அறை மாறும் பிள்ளைக்கு எந்தப் படுக்கை?

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் இல்லை. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து மகனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவர்கள். அவர்கள் கேட்ட உதவி கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. "அண்ணே, பையன் கட்டிலுக்குக் கட்டுற தவணை இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. கட்டில்தான் இல்லை" என்றார்கள்.

மகனுக்கு 22 வயது. முதல் வேலை பெருமாநல்லூர் பக்கம், லைன் வீட்டில் ஓர் அறை. வெறுந்தரையில் பிள்ளை படுக்கக் கூடாதே என்று மரக்கட்டிலும் தென்னைநார் மெத்தையும் 14,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கித் தந்திருக்கிறார்கள். எட்டு மாதத்தில் வேலை பல்லடத்துக்கு மாறியது. குட்டியானை வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கொடுத்துக் கொண்டுபோனால், புது அறை மூன்றாவது மாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் கட்டில் திரும்பவில்லை. கீழே வராந்தாவில் போட்டது மழையில் நனைந்து ஊறியது. பெங்களூருக்கு வேலை கிடைத்ததும் பழைய சாமான் கடையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அங்கே சிமெண்ட் தரையில் ஒரு பிளாஸ்டிக் பாய்தான். சிறு வயதில் விட்டுப்போயிருந்த வீசிங் திரும்ப வந்துவிட்டது.

அந்தத் தாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் கட்டில் என்றால் கல்யாணக் கட்டில்தான் மனதுக்கு வரும். ஒரு முறை வாங்கினால் பேரன் காலம் வரை நிற்க வேண்டும். ஆனால் பனியன் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆர்டர் குறைந்தால் கம்பெனி மாறுவார்கள், பீஸ் ரேட் பத்துக் காசு கூடினாலும் மாறுவார்கள். வாடகை ஏறினால் பெரியதோட்டத்திலிருந்து மங்கலம், அங்கிருந்து அவிநாசி. இவர்களுக்குப் படுக்கை வாங்கும்போது கடையில் முதலில் பார்க்க வேண்டியது மெத்தையின் பூப்போட்ட துணியை அல்ல. வீடு மாறும் நாளில் இதை யார், எதில், எத்தனை மாடி தூக்குவது என்பதைத்தான். ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத எதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

எல்லாவற்றிலும் லேசானது பாய்தான். முசிறி, கரூர்ப் பக்கத்துக் கோரைப்பாய் நம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. பத்தமடைப் பாய் நெய்வதில் நம் சமுதாயப் பெண்களின் கைவேலை நாடறிந்தது. அது தனிப் பெருமை, விலையும் தனி. கோரை வியர்வையை உறிஞ்சும், காற்று விடும். பிளாஸ்டிக் பாய் இரண்டையும் செய்யாது. ஆனால் எந்தப் பாயும் தரையின் ஈரத்தைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்தளத்து அறையில் பாய் மட்டும் போதாது. சளி, வீசிங் உள்ள பிள்ளைக்குத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயரம் வேண்டும்.

பஞ்சு மெத்தை நல்ல சாமான்தான். இலவம்பஞ்சு என்றால் உடம்புக்குச் சுகம். ஆனால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், வாரம் ஒரு நாள் வெயிலில் போட மொட்டைமாடி வேண்டும். அறையில் இருக்கும் பையன் செய்வானா என்று தாய்மார்களுக்கே தெரியும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சில மெத்தைகளில் உள்ளே இருப்பது பஞ்சே அல்ல, பனியன் வேஸ்ட். கனம் அதிகம், நாளாக நாளாக உருண்டு கட்டிகட்டியாகிவிடும். தையலோரத்தை அழுத்திப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். தென்னைநார் மெத்தை, நிலையான வீட்டுக்கு நல்லது. மடித்தால் உள்ளே முறிந்துவிடும். காற்றடிக்கும் படுக்கை விருந்தாளி வந்தால் ஓர் இரவுக்குச் சரி. தினம் படுக்க வேண்டாம்.

மிஞ்சுவது மூன்று மடிப்பு ஃபோம் மெத்தையும் மடக்குக் கட்டிலும். நான் பெரும்பாலும் சொல்வது இந்த இரண்டையும் சேர்த்து.

ஃபோமில்தான் ஏமாற்று அதிகம். 'டென்சிட்டி 40' என்று சீட்டில் போட்டிருக்கும். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்பதுதான் அதன் பொருள். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனம் உள்ள மெத்தை சுமார் 0.17 கன மீட்டர் வரும். அப்படியானால் 40 டென்சிட்டிக்கு எடை ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 32 என்றால் ஐந்தரைக் கிலோவை ஒட்டி. உறையின் எடை இதற்கு மேல். தராசில் வைத்தால் மூன்றரைக் கிலோ காட்டும் மெத்தையை, சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சில மாதத்தில் இடுப்பு இருக்கும் இடம் பள்ளமாகும். தினமும் எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்து உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பள்ளம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. உறை ஜிப் வைத்து, கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். ஃபோமைத் தரையில் நேராகப் போட்டால் காலையில் அடிப்பக்கம் வேர்த்திருக்கும். எழுந்ததும் சுவரில் சாய்த்து நிறுத்தச் சொல்லுங்கள். நால்வர் தங்கும் பத்துக்குப் பத்து அறையில் தொழ இடமும் கிடைக்கும்.

மடக்குக் கட்டிலில் பைப்பின் கேஜ் கேளுங்கள். எண் குறைந்தால் தகடு தடிமன்: 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் சுமார் 1.6. கடையில் பத்து முறை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கட்டில் போவது முதலில் கீலில்தான், பைப்பில் அல்ல. நைலான் நாடா பின்னியது லேசு. ஆனால் தொய்யும், தொய்ந்தால் முதுகுவலி. நாடாவைக் கழற்றி மறுபடி இறுக்கிப் பின்ன வசதியுள்ள கட்டிலையே வாங்குங்கள். பலகை வைத்தது கனம் கூடுதல் என்றாலும் முதுகுக்கு நல்லது. நீளம், பிள்ளையின் உயரத்தைவிட அரையடி கூடுதலாக இருக்க வேண்டும். ஆறடிக் கட்டிலில் ஐந்தே முக்கால் அடிப் பையனைப் படுக்கவிட்டு, கால் வெளியே நிற்கிறது என்று பிறகு வருந்த வேண்டாம்.

ரயிலில் வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமில்லை. ஆனால் பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமான் 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும். பாதியாக மடித்த கட்டில் இந்த அளவைத் தாண்டும். அதை லக்கேஜில் புக் செய்துதான் அனுப்ப வேண்டும். மூன்று மடிப்பு மெத்தையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் ஏறக்குறைய அளவுக்குள் வரும். ஆகவே வெளி மாநிலத்துக்குப் போகிறவன் மெத்தையை மட்டும் கொண்டுபோய், கட்டிலை அங்கேயே வாங்குவது மேல். விடுதிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கட்டில் விடுதியிலேயே இருக்கும். அகலத்தை வார்டனிடம் கேட்டுவிட்டு மெத்தை வாங்குங்கள். இரண்டரை அடிக் கட்டிலில் மூன்றடி மெத்தை தொங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூட்டைப்பூச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலர் வந்துபோகும் அறையில் அது சாதாரணம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பரவுகிறது. அது மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் உயிரோடு இருக்கும். பைப்பின் துளை, நாடாவின் முடிச்சு, மெத்தையின் தையல் ஆகியவை அதற்கு வீடு. அறை மாறும்போது விரிப்பையும் உறையையும் நன்கு சூடான தண்ணீரில் துவைத்து, கட்டிலின் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். மெத்தை மேல் மருந்து அடித்துவிட்டு அதிலேயே படுப்பது கூடாது. படுக்கும் முன் விரிப்பை உதறுவது நமக்குச் சொல்லித்தந்த சுன்னத்து. அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதை ஞாபகப்படுத்துங்கள்.

அந்தத் தாயின் மீதித் தவணையை இரு சகோதரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். பையன் விடுமுறைக்கு வந்தபோது நம் அலுவலகத் தராசில் நிறுத்திப் பார்த்து ஒரு மெத்தை வாங்கிக்கொண்டான். கட்டிலை பெங்களூரில் வாங்கியிருக்கிறான். இரண்டும் சேர்ந்து பழைய கட்டில் செலவில் பாதியைத் தாண்டவில்லை. தராசு இங்கேயே இருக்கிறது, அஸருக்குப் பின் வந்தால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வீட்டில் சும்மா கிடக்கும் மடக்குக் கட்டிலைத் தர விரும்புவோரும் கொண்டுவரலாம். கீல் சரியாக இருந்தால் போதும், நாடா நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். பழைய மெத்தை மட்டும் வேண்டாம்.