துணியில் பட்டுத் திரும்பும் ஒளி

நேரே வந்து விழும் வெயிலைவிட, ஒன்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் எனக்கு விருப்பம் அதிகம். காலையில் முற்றத்து ஓரம் அமர்ந்து புத்தகம் படிப்போர் அதன் அருமையை அறிவர். எழுத்தும் துலங்கும், கண்ணும் கூசாது.

மாணவ நேயர்களே, இவ்வொளியைத் திரைப்படத்திற்குள் கொணர்ந்தவர்களுள் ஒருவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபோது அவர் இருபதை ஒட்டிய இளைஞர், திரைப்படக் காமிராவை அதற்குமுன் இயக்கியதே இல்லை. அடுத்து வந்த ‘அபராஜிதோ’வில் (1956) காசி நகரத்து வீடொன்று வருகிறது. சுவர்கள் சூழ்ந்த முற்றம். மேலே திறந்த வானம். உண்மையில் அது ஸ்டூடியோவுக்குள் கட்டிய வீடு! மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியைக் கீழிருந்து அதன்மீது பாய்ச்சினார். துணியோ அதனைச் சிதறடித்துக் கீழே அனுப்பிற்று. ஒளி சிறு புள்ளியிலிருந்து வருமாயின் நிழலின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அகன்ற பரப்பிலிருந்து வருமாயின் அவ்விளிம்பு கரைந்துவிடும். வானம் செய்வதும் இதுவேயாகும்.

என் பாட்டியாரை ஒரு கடையில் படமெடுத்தார்கள். கடுமையான விளக்கு, சுருக்கங்கள் யாவும் உழவுசால்களாகத் தெரிந்தன. அதைச் சுவரில் மாட்ட அவர் இசையவில்லை. பின்னர் அவரைத் திண்ணை நிழலில் அமர்த்தி, வெயில் படும்படி எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி நானே எடுத்தேன். சுருக்கங்கள் மறையவில்லை; ஆயினும் முகம் அவருடையதாக இருந்தது. அப்படத்தைத் தம் இராமாயணப் புத்தகத்திற்குள் வைத்துக்கொண்டார்.

நீங்களும் முயன்று பாருங்கள். வண்ணப்படமாயின் நீலம் போடாத வேட்டியாகத் தேடிக் கட்டுங்கள். இல்லையேல் அந்நீலம் முகத்திலும் ஏறிவிடும்.