முதுநிலைப் பட்டியலும் சுழற்சிப் புள்ளியும்: அரசுப் பணியில் பதவி உயர்வு யாருக்கு எட்டுகிறது?

அகவிலைப்படி உயர்ந்தால் அது அன்றே செய்தியாகிறது. ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, பழைய ஓய்வூதியத் திட்டம், பணிக்கொடை என அரசு ஊழியர் தொடர்பான அறிவிப்புகள் எல்லாம் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. ஆனால் ஒவ்வொரு துறையின் தலைமை அலுவலகத்திலிருந்தும் கீழிறங்கி, 'ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்' என்ற ஒரு வரியோடு அலுவலகங்களில் சுற்றுக்கு விடப்படும் தற்காலிக முதுநிலைப் பட்டியல் எங்கும் செய்தியாவதில்லை. ஓர் இளநிலை உதவியாளர் கண்காணிப்பாளராக ஓய்வு பெறுவாரா, உதவியாளராகவே ஓய்வு பெறுவாரா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பட்டியலே. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களைப் பொறுத்தவரை, கடந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றமும் அந்தப் பட்டியலுக்குள்தான் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு 200 புள்ளிகள் கொண்ட இனச்சுழற்சியின் வழியே நடைமுறையாகிறது. அந்த 200 புள்ளிகளில் பொதுப்போட்டிக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகப்பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40, பட்டியல் சாதியினருக்கு 36, பழங்குடியினருக்கு 2. பட்டியல் சாதியினரின் 36 புள்ளிகளில் 6 அருந்ததியருக்கு முன்னுரிமையாக 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகின்றன. இவை அடுத்தடுத்துத் தொகுதிகளாக வருவதில்லை. ஒன்றோடொன்று விரவி வருகின்றன. பணியிடங்கள் எத்தனை குறைவாக இருந்தாலும் எல்லாப் பிரிவினருக்கும் முறை வந்தாக வேண்டும் என்பதே சுழற்சியின் நோக்கம்.

பணியில் சேர்ந்த பின் முதுநிலையை எதன்படி நிர்ணயிப்பது? சுழற்சிப் புள்ளியின்படியா, தேர்வாணையத்தின் மதிப்பெண் தரவரிசைப்படியா? வெறும் நிர்வாக நுணுக்கமாகத் தோன்றும் இந்தக் கேள்வியின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு பார்ப்போம்.

ஒரு துறை ஒரே தேர்வின் மூலம் 200 இளநிலை உதவியாளர்களை நியமிக்கிறது என்று கொள்வோம். மதிப்பெண் தரவரிசையின்படி முதல் 62 பேர் பொதுப்போட்டியில் தேர்வானவர்கள். அவர்களுள் தலித் இளைஞர்களும் இருக்கலாம். இருந்தால் அவர்கள் 36 என்ற கணக்கில் சேரமாட்டார்கள். ஒதுக்கீட்டின் வழி வந்த 36 பேரில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கூட 63ஆம் இடத்திற்கு முன்னால் வர இயலாது. சில ஆண்டுகளில் 40 உதவியாளர் பணியிடங்கள் காலியாகின்றன. தரவரிசையே முதுநிலை எனில், அந்த 40 பேரில் ஒதுக்கீட்டில் வந்த பட்டியல் சாதியினர் ஒருவரும் இல்லை. சுழற்சிப் புள்ளியே முதுநிலை எனில் ஏறத்தாழ 7 பேர் இருப்பர். தேர்வு ஒன்று, ஆட்களும் அவர்களே; பட்டியலை எழுதும் முறை மட்டுமே வேறு.

'காத்திருந்தால் அவர்களுக்கும் முறை வருமே' என்று சிலர் கூறுவர். வரும். ஆனால் ஓய்வு வயது 60. தேர்வுக்கான வயதுவரம்புத் தளர்வைப் பயன்படுத்தி முப்பதுகளின் பிற்பகுதியில் பணிக்கு வரும் தலித் ஊழியருக்கு எஞ்சுவது இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆண்டுகளே. முதல் பதவி உயர்வு பத்தாண்டு தாமதமானால் மூன்றாவது பதவி உயர்வு அவர் வாழ்வில் நிகழாது.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் சுழற்சிப் புள்ளியே முதுநிலைக்கு அடிப்படையாக இருந்தது. 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் தரவரிசையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. உடனே அரசு, தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016ஐ இயற்றி, அதன் 40ஆம் பிரிவின் மூலம் பழைய முறையை மீட்டது. 2019 நவம்பரில் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசமைப்புக்கு முரணானது எனச் செல்லாததாக்கியது. 2021 அக்டோபரில், முதுநிலைப் பட்டியல்களைத் திருத்தாததை நீதிமன்ற அவமதிப்பாக உச்சநீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதன்பின் துறைதோறும் பட்டியல்கள் திருத்தி எழுதப்பட்டன. உயர் பதவியில் பல்லாண்டு பணியாற்றியவர்கள் கீழ்ப்பதவிக்கு இறக்கப்படும் அச்சத்தோடு அலுவலகம் சென்றனர்.

சுழற்சி முறையில் உயர் மதிப்பெண் பெற்ற ஒருவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகவே இருந்தாலும், பின்தள்ளப்பட வாய்ப்புண்டு. ஆகவே இந்த வழக்கை முன்னேறிய சாதியினர் ஒருபுறம், தலித்துகள் மறுபுறம் என்ற எளிய சித்திரமாகத் தீட்டுவது பொருந்தாது. நம் கேள்வி வேறு: பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பதவி உயர்வில் இடமளிக்க அரசமைப்பு நேரடியாகவே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கும்போது, தமிழ்நாடு ஏன் முதுநிலை விதி என்ற பக்கவாசலையே நம்பியிருந்தது?

அந்த நேர்வழியின் வரலாறு சென்னையில்தான் தொடங்குகிறது. தென்னக ரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி வழக்கில், 1961இல், பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1992இல் மண்டல் வழக்கு எனப்படும் இந்திரா சஹானி தீர்ப்பு அந்த நிலைப்பாட்டை மாற்றியது. அதனை ஈடுசெய்ய 1995இல் 77ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 16(4அ) கூறு சேர்க்கப்பட்டது. 2001இல் 85ஆம் திருத்தம், இடஒதுக்கீட்டால் முன்னதாகப் பதவி உயர்வு பெற்றவருக்கு அதன் தொடர்ச்சியான முதுநிலையையும் உறுதி செய்தது. 2006இல் நாகராஜ் வழக்கில் இத்திருத்தங்கள் செல்லும் எனினும், பின்தங்கிய நிலை, போதிய பிரதிநிதித்துவமின்மை, நிர்வாகத் திறன் ஆகியவற்றை அரசு கருத வேண்டும் என்றும் முதலிரண்டுக்குத் தரவு காட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடியினர் பின்தங்கியவர்கள் என்பதற்குத் தனித்தரவு வேண்டியதில்லை என்று தெளிவாக்கப்பட்டது. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான தரவு மட்டும் நிபந்தனையாக நின்றது. அதைப் பணி முழுமைக்கும் மொத்தமாக அன்றி, ஒவ்வொரு பதவி நிலைக்கும் தனித்தனியே திரட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் கூறப்பட்டது.

அண்டை மாநிலமான கர்நாடகம் இந்தப் பாதையில் நடந்து காட்டியது. அங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டம் 2017 பிப்ரவரியில் பவித்ரா வழக்கில் செல்லாததாயிற்று. காரணம் தரவின்மை. அம்மாநில அரசு ரத்னபிரபா குழுவை அமைத்துத் துறைவாரியாகத் தரவு திரட்டியது; 2018இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 மே மாதத்தில் இரண்டாம் பவித்ரா தீர்ப்பில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. தீர்ப்பு பாதகமான பின்னும் அரசு மனம் வைத்தால் ஈராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே நிலைமையைத் திருப்ப முடிந்திருக்கிறது.

தமிழ்நாடு 2016இல் செய்ததையும் கர்நாடகம் 2018இல் செய்ததையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். ஒன்று பழைய விதியைச் சட்டமாக எழுதியது; மற்றொன்று முதலில் எண்ணிப் பார்த்தது. எண்ணுவதும் கடினமன்று. ஒவ்வோர் ஊழியரின் பணிப்பதிவேட்டிலும் வகுப்பு பதியப்பட்டிருக்கிறது. சாதிவாரி மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் போல வீடுவீடாகச் செல்ல வேண்டியதில்லை. அலுவலக அலமாரியைத் திறந்தால் போதும்.

ஆனால் அரசு தானாக முன்வர வேண்டும் என்பதே இதில் உள்ள பெரிய இடர். 16(4அ) அதிகாரமளிக்கும் கூறே அன்றிக் கட்டளை அன்று. பதவி உயர்வில் இடஒதுக்கீடு தருமாறு அரசை நீதிமன்றம் கட்டாயப்படுத்த இயலாது என்று 2020 பிப்ரவரியில் உத்தரகாண்ட் தொடர்பான முகேஷ்குமார் வழக்கில் கூறப்பட்டது. ஆகவே இது நீதிமன்றத்தில் வழக்காடி மட்டும் பெறக்கூடியது அன்று. சட்டமன்றத்திலும் தெருவிலும் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கை. 69 விழுக்காட்டைக் காக்க 1994இல் சட்டம் இயற்றி, 76ஆம் திருத்தத்தின் வழி ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த மாநிலம் இது. அந்த முனைப்பு நுழைவாயிலோடு நின்றுவிட்டது. மாடிப்படிக்கு அது நீளவில்லை.

பட்டியலில் பெயர் முன்னால் இருப்பினும் வேறொரு தடை உண்டு. 17(ஆ) பிரிவின் கீழ் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வு தள்ளிப்போகும். பணிமூப்பு நெருங்கும் வேளையில் பழைய கோப்பு தூசி தட்டப்படுவதைத் தலித் ஊழியர் சங்கத்தினர் நன்கறிவர்.

இன்று செய்யக்கூடியவையும் உள. தற்காலிக முதுநிலைப் பட்டியல் வரும்போது கையொப்பமிட்டுத் திருப்பிவிடாமல், தம் தரவரிசை, சுழற்சிப் புள்ளி, பணியேற்ற நாள் மூன்றையும் ஒப்பிட்டு, பிழை இருப்பின் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தந்து ஒப்புகை பெற வேண்டும். இறுதிப் பட்டியல் வெளியாகி ஆண்டுகள் கழிந்தபின் நிலைபெற்ற முதுநிலையைக் கலைக்க நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை. கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதவி நிலையிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, பணியிலுள்ள பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று கேட்கலாம். பெயர் எதுவும் கேட்க வேண்டியதில்லை, எண்ணிக்கையே போதும்.