மருமகன் முதுகுப்பையைக் கட்டிய கதை

2025 நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் மூன்றாம் வாரம் வரை, பாணேரில் எங்கள் வீட்டுக் காபி நேரம் மெல்போர்ன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடந்தது. இங்கே மாலை நான்கு என்றால், அங்கே அவர்களுடைய கோடைக்கால நேரக் கணக்கில் இரவு ஒன்பதரை. திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கையின் மகன் கிடங்கில் மாலை ஷிப்டை முடித்து அறைக்கு வந்து, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவான். "மாமா, காபி ஆச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அதன் பிறகு பேச்சு முழுக்க மூட்டை கட்டுவதைப் பற்றியே இருக்கும். பதினோரு மாதம் இருந்தவன் கிளம்புவதற்கு இத்தனை வேலையா என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். ரயில்வே குவார்ட்டர்ஸைப் பல ஊர்களில் காலி செய்து பழகிய எனக்கு ஆச்சரியமில்லை. ஓர் ஊருக்குப் போய்ச் சேர டிக்கெட் ஒன்று போதும். கிளம்புவதற்குத்தான் 'நோ டியூஸ்' சர்டிபிகேட் வேண்டும்.

முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு கோரேகாவ் பார்க் பக்கம் சுற்றும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் புனே வாசிகளான நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர்களுக்குக் காசு ஏது, வருடக் கணக்கில் எப்படிச் சுற்றுகிறார்கள் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. விடை எளிது. போகிற ஊரில் வேலை செய்கிறார்கள். அதற்கென்றே ஆஸ்திரேலியா 1975-இல் ஒரு விசாவை ஏற்படுத்தியது. முதலில் பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டு இளைஞர்களுக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். நம் முறை வர ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2022-இல் கையெழுத்தான இந்திய - ஆஸ்திரேலியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, 2024 அக்டோபர் 1 அன்று இந்தியர்களுக்கான முதல் குலுக்கல் திறந்தது. வயது 18 முதல் 30 வரை. பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டு ஆண்டுப் படிப்பு. ஓரளவு ஆங்கிலம். கையிருப்பாக 5,000 டாலர். ஆண்டுக்கு 1,000 பேருக்கு இடம். பெயர் கொடுக்கக் கட்டணம் 25 டாலர். விசாவின் எண் 462.

அப்போது அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஹிஞ்ஜவடியில் ஒரு கம்பெனியில் வேலை. பாணேர் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எட்டு மைல் போய்வர மூன்று மணி நேரம் செலவழித்துவிட்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் துக்காய் டேக்டி ஏறுவோம். மேலே கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான், "25 டாலர்தானே மாமா, போட்டுப் பார்க்கட்டுமா?" என்றான். "போடு மாப்ளே" என்று சொன்னது என் வாய்தான். குலுக்கலில் பெயர் விழுந்து, அவன் வேலையை விட்டுவிட்டான் என்று தெரிந்ததும் என் தங்கை இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசிய முதல் வாக்கியம், "இன்ஜினீயருக்குப் படிக்க வெச்சது பேரிக்காய் பறிக்கவாண்ணே?" என்பதாகும்.

பேரிக்காய்தான் பறித்தான். 2025 ஜனவரி கடைசியில் போய் இறங்கி, மெல்போர்னுக்கு வடக்கே ஷெப்பர்ட்டன் பக்கத்துத் தோட்டங்களில் ஏப்ரல் வரை வேலை. ஏணி, தோளில் மாட்டும் பறிப்புப் பை, வெயில். அதன் பிறகு மெல்போர்ன். ஃபுட்ஸ்கிரே என்ற மேற்குப் புறநகரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு. இவனைத் தவிர ஒரு நேப்பாளப் பையன், ஒரு கொலம்பியாக்காரன், ஒரு பிரெஞ்சுக்காரன். இந்த விசாவில் ஒரு முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஆகவே யாருக்கும் எந்த வேலையும் வேர் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு ரயில்வேக்காரனின் ஆசைக்காகச் சற்றே விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து நகரத்து ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்கு ரயிலில் போவான் என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "கேஜ் என்ன?" என்பதுதான். விக்டோரியா மாநிலத்தின் அகலப்பாதை 1,600 மில்லிமீட்டர், நம்முடையது 1,676. பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் 1,435. இந்த வேறுபாட்டால், 1962-இல் மெல்போர்ன் வரை 1,435 பாதை வரும்வரை, சிட்னி பயணிகள் ஆல்பரி எல்லையில் நடுராத்திரியில்கூட வண்டி மாறியிருக்கிறார்கள். அங்கே புறநகர் ரயில்களை 1919 முதல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். நம் கல்யாண் - புனே தடத்துக்கு 1929-30-இல் வந்ததும் அதே 1,500 வோல்ட்தான். நாம் பிறகு 25,000 வோல்ட்டுக்கு மாறிவிட்டோம். இதைச் சொன்னபோது அவன் கொட்டாவி விட்ட சத்தம் பாணேர் வரை கேட்டது.

கடைசி வாரங்களுக்கு வருகிறேன். முதலில் சாமான்கள். மெத்தையும் மேசையும் இணையத்தில் விற்றான். மெத்தை 40 டாலருக்கு வாங்கியது, 30-க்குப் போயிற்று. சைக்கிளை வாங்க வந்தவன் பிரேக்கைப் பார்த்துவிட்டு பாதி விலை கேட்டான். அரிசிக் குக்கரை மட்டும் விற்க மனம் வரவில்லை. நேப்பாளப் பையனுக்குக் கொடுத்தான். வீட்டில் இவனுக்கு முன் இருந்த ஒரு தமிழ்ப் பையன் விட்டுப்போன குக்கர் அது. மசாலா டப்பாக்களுக்கும் அதே வழி. குளிர்கால ஜாக்கெட்டைத் தரும கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். முன்பணமாகக் கொடுத்த நான்கு வார வாடகையை வாங்க, தனக்குப் பதில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டைப் பார்க்க ஆறு பேர் வந்தார்கள். அதில் இருவர் அன்றைக்குத்தான் விமானத்தில் இறங்கியவர்கள், முதுகில் பையோடு. "நானே வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு மாமா" என்றான்.

பிறகு பணக் கணக்கு. நம் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது கவனமாகப் படிக்கவும். இந்த விசாக்காரர்களுக்கு 2017 முதல் தனி வருமான வரி. இப்போது முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம், முதல் டாலரிலிருந்தே. உள்ளூர்க்காரருக்கு உண்டான வரியில்லா வரம்பு பொதுவாக இவர்களுக்குக் கிடையாது. சம்பளத்துக்கு மேல் முதலாளி 'சூப்பர்' என்று ஒன்று கட்ட வேண்டும். நம் பி.எஃப். மாதிரி, 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதம். நாட்டை விட்டு வந்த பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த விசாக்காரர் என்றால் அதில் 65 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொள்வார்கள். நூறில் முப்பத்தைந்துதான் கைக்கு வரும். பிறநாட்டுச் சட்டத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் ஏணியில் நின்று பறித்தவன் பங்கு அது என்று நினைக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. ஆளும் கிளம்பியிருக்க வேண்டும், விசாவும் முடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் தருவார்கள். விண்ணப்பத்தை வரித்துறையின் தளத்தில் நாமே இலவசமாகப் போடலாம். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர்களிடம் போக வேண்டியதில்லை. வரிக் கணக்கு முடியும் வரை அங்கத்து வங்கிக் கணக்கை மூடிவிடக் கூடாது. இவனோடு இருந்த பிரெஞ்சுப் பையன் அவசரப்பட்டு மூடிவிட்டு, ரீஃபண்டுக்காகத் தவித்தானாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காபி ஆறிப்போயிற்று. பேச்சுவாக்கில் அவன் ஒரு விஷயத்தைச் சொன்னான். கிடங்கு வேலை தவிர, அக்டோபர், நவம்பரில் ஐந்து வாரம் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறான். முதலாளி நம்மவர், தமிழர். வாய் நிறைய 'தம்பி, தம்பி' என்பவர். மணிக்கு 16 டாலர் கையில் கொடுத்திருக்கிறார். அந்த நாட்டில் அப்போது சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், நிரந்தரமில்லாத ஆளுக்கு அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து 31 டாலருக்குச் சற்று அதிகம். வாரம் 18 மணி வீதம் 90 மணி நேரம். சனி, ஞாயிறுக்கு உண்டான கூடுதலை விட்டுவிட்டாலும் 1,350 டாலர் பாக்கி. நம் பணத்தில் முக்கால் லட்சத்துக்கு மேல்.

"விடுங்க மாமா. இன்னும் மூணு வாரம்தான். நம்ம ஊர்க்காரர் வேற. சாப்பாடு போட்டார்" என்றான்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. காரணத்தை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது இந்த இதழில் படிப்பாள். 1986 மழைக்காலத்தில் காட் செக்ஷனில் பாறை சரிந்து, ஒப்பந்தக் கூலிகளை வைத்து வேலை நடந்தது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்ட்ராக்டர் கூலி கொடுக்கும்போது எங்கள் தரப்பில் ஒருவர் பக்கத்தில் இருந்து, 'என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் நான். பதிவேட்டில் எழுதியிருந்ததை விட ஆளுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார். கட்டைவிரல் ரேகைகள் வரிசையாக இருந்தன. நானும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஷோலாப்பூர்ப் பக்கத்துக் கூலிகள் இருவர் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். "காண்ட்ராக்டரைப் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அதில் ஒருவர் போகும்போது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நான்கு மணிக்கு முன்பே நானே கூப்பிட்டேன். கதையைச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. "சரி மாமா, என்ன செய்யணும்?" என்றான்.

செய்வதற்கு அந்த நாட்டில் வழி இருக்கிறது. ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மேன் என்ற அரசு அலுவலகம் எந்த விசாவில் வந்தவர் என்று பார்க்காமல் கூலிப் புகாரை எடுத்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அதற்கும் இலவச ஏற்பாடு உண்டு. ஆறு ஆண்டு வரை பழைய பாக்கியைக் கேட்கலாம். வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கிரிமினல் குற்றம். இப்படிப் புகார் செய்பவர்களின் விசாவுக்குப் பாதுகாப்பு தரவும், வழக்கு முடியும் வரை தங்கவும், 2024 ஜூலையில் ஒரு முன்னோட்டத் திட்டமும் தொடங்கினார்கள். இவன் தங்க விரும்பவில்லை. அம்மாவுக்குப் பொங்கலுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

நல்லவேளையாக அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கிளம்பும்போது நான் கொடுத்தது. கேங் டைரி மாதிரி தேதி, வந்த நேரம், போன நேரம், கைக்கு வந்த தொகை என்று கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனவன், பேரிக்காய்த் தோட்டத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறான். அதையும், 'தம்பி, நாளை ஆறு மணிக்கு வா' என்பது போன்ற கைப்பேசிச் செய்திகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினான். வரைவு என்னுடையது. கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம், தேதியும் தொகையும் மட்டும், பதிலுக்கு ஒரு கெடு என்று ரயில்வே பாணியில் எழுதினோம். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவனுக்குக் கை நடுங்கியதாம். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "உன்னைப் பிள்ளை மாதிரி நினைச்சேனே தம்பி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது அவனை மிகவும் வருத்தியது. இரண்டு நாள் எனக்குப் போன் வரவில்லை.

எட்டாவது நாள் வங்கிக் கணக்கில் 900 டாலர் வந்தது. கூடவே செய்தி எதுவும் இல்லை. மீதி 450-க்குப் புகாரை இணையத்தில் பதிந்துவிட்டு, டிசம்பர் மூன்றாம் வாரம் விமானம் ஏறினான். கிளம்பும் முன் சன்ஷைன் நார்த்தில் உள்ள முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, மாலையில் ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தின் கடிகாரங்களுக்குக் கீழே நின்று எனக்கு ஒரு படம் அனுப்பினான். நான் தண்டவாளம் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன், அதை மறந்துவிட்டான்.

மும்பையில் இறங்கி பாணேர் வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று. கறுத்து, மெலிந்து, ஆனால் தோள் அகலமாகி இருந்தான். அதே பை. கூடத்தில் தரையில் கவிழ்த்தான். என் மனைவிக்கு ஒரு சால்வை, அவன் அம்மாவுக்கு ஒன்று, ஒரு பாட்டில் தேன், துவைக்காத துணி. அடியில் அந்த நோட்டுப் புத்தகம், பேரிக்காய்ப் பால் பட்டு ஒட்டிக்கொண்ட பக்கங்களோடு. "இதைத் தூக்கிப் போட்டுடலாமா மாமா?" என்று கேட்டான்.

ஆறு ஆண்டு வைத்திருக்கணும் மாப்ளே என்று சொல்லி வாங்கி, பென்ஷன் காகிதங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். மறுவாரம் என் தங்கை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். பிளாட்பாரத்தில் அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னிடம், "காபி போட்டு வெச்சிருக்காங்களாண்ணே வீட்ல?" என்று மட்டும் கேட்டாள்.