உள்சக்கரம் கொஞ்சம் அதிகம் திரும்பும்

சேலம் அம்மாபேட்டையில் கிளம்பி ஏற்காடு மலை ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் காரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு திரும்புவதாகத்தான் நினைப்போம். இல்லை! உள்பக்கச் சக்கரம் போவது சின்ன வட்டத்தில். அதனால் அது கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் டயர் சரியாக உருளாமல் தரையில் தேய்ந்து இழுபடும்.

மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே, குதிரை வண்டிக்காக இதற்கு வழி கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கென்ஸ்பெர்கர். 1818-இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிய முகவர் ஆக்கர்மன். ஆனால் இந்த அமைப்புக்கு நிலைத்த பெயர் என்னவோ முகவருடையதுதான்!

சக்கரம் திரும்புவதில் சஸ்பென்ஷனும் தலையிடும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வில் வளைவில் நகரும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டான டை ராடு இன்னொரு வில் வளைவில் நகரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காமலே சக்கரம் தானாகத் திரும்பும். எனவே இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

இந்த வடிவமைப்பை மாணவர்களே செய்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் செய்து கொண்டு வருகிறார்கள். சக்கரம் மேலும் கீழுமாகக் குறைந்தது 50 மில்லிமீட்டர் அசைய வேண்டும் என்பது விதி. கார் ஓடினால் மட்டும் போதாது. டை ராடை ஏன் அந்த இடத்தில் வைத்தீர்கள் என்று நடுவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.