கிளியர் கோட் அடிக்க ஏற்ற ஸ்பிரே கன்னைத் தேர்ந்தெடுத்தல்

கார், வேன், இருசக்கர வாகனம் ஆகியவற்றின் நிறப்பூச்சுக்கு மேல் கடைசியாக அடிக்கப்படும் நிறமற்ற, ஒளி ஊடுருவும் பூச்சு கிளியர் கோட் எனப்படும். வாகனத்தின் பளபளப்பு இந்தப் பூச்சிலிருந்தே வருகிறது. வெயில், மழை, பறவை எச்சம், சிறு கீறல் ஆகியவற்றிலிருந்து அடியில் உள்ள நிறத்தைக் காப்பதும் இதுவே. பட்டி, பிரைமர், நிறம் ஆகிய கட்டங்களில் நேரும் சிறு பிழைகளை அடுத்த கட்டத்தில் மறைத்துவிடலாம். கிளியர் கோட்டில் நேரும் பிழையை மறைக்க மேலே வேறு பூச்சு இல்லை. ஆகவே இதற்குப் பயன்படும் ஸ்பிரே கன்னைத் தேர்ந்தெடுப்பதில் தனிக் கவனம் தேவை.

இக்கட்டுரை திருவண்ணாமலை போன்ற ஊர்களில் உள்ள சிறு பட்டறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. மூடிய பெயின்ட் அறை இல்லாமல், தகரக் கொட்டகையில், ஒன்று அல்லது இரண்டு எச்.பி. கம்ப்ரசரை வைத்து வேலை செய்யும் இடங்கள் இவை. பெரிய நகரங்களின் பட்டறைகளுக்குச் சொல்லப்படும் பரிந்துரைகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

வரலாறு

அமெரிக்காவின் டொலிடோ நகரைச் சேர்ந்த மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், தொண்டையில் மருந்து தெளிப்பதற்காக 1888இல் ஒரு சிறு தெளிப்பானை உருவாக்கினார். அவருடைய மகன் தாமஸ் டிவில்பிஸ் அதே கொள்கையை வண்ணம் அடிக்கும் கருவிக்குக் கொண்டுவந்தார். வேகமாகப் பாயும் காற்று திரவத்தைச் சிறு துளிகளாக உடைக்கும் என்பதே அந்தக் கொள்கை. இன்றைய ஸ்பிரே கன்னும் அப்படியே இயங்குகிறது.

1920களில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கார் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அதற்கு முன் தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டியிருந்தது. லாக்கரைத் தெளித்துத்தான் அடிக்க முடியும் என்பதால் ஸ்பிரே கன் பரவலானது. பிற்காலத்தில் மெட்டாலிக் நிறங்கள் பெருகியபோது, அலுமினியத் துகள்கள் கலந்த நிறத்தின் மேல் தனியாக கிளியர் கோட் அடிக்கும் முறை நிலைபெற்றது. ஆட்டோ, சரக்கு வாகனம் போன்றவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் கிடைக்கும் பழைய முறை இன்றும் உண்டு.

கன் வகைகள்

டப்பா இருக்கும் இடத்தை வைத்து இரண்டு வகை. டப்பா கீழே தொங்கும் வகையில் காற்று பெயின்டை மேலே உறிஞ்ச வேண்டும். அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அடியில் தங்கும் கடைசிப் பெயின்டும் வீணாகும். டப்பா மேலே இருக்கும் வகையில் பெயின்ட் தன் எடையாலேயே இறங்கும். கிளியர் கோட் கெட்டியானது என்பதால் மேல் டப்பா வகையே ஏற்றது.

காற்றைப் பயன்படுத்தும் விதத்தை வைத்து மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, சாதாரண உயர் அழுத்த கன். இது பெயின்டை மிக நுண்ணிய துளிகளாக உடைக்கும். பரப்பு வழவழப்பாக வரும். ஆனால் துளிகள் வேகமாக மோதித் தெறிப்பதால், அடித்த பெயின்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வாகனத்தில் ஒட்டும். மீதி புகையாகப் பட்டறைக்குள் மிதக்கும்.

இரண்டாவது, எச்.வி.எல்.பி. எனப்படும் அதிகக் காற்று, குறைந்த அழுத்த கன். இதன் முன்மூடியிலிருந்து வெளியேறும் காற்றின் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. 1980களின் இறுதியில் தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மாசைக் குறைக்க விதிகள் வந்தபோது இவ்வகை பரவியது. அடித்ததில் 65 சதவீதமாவது ஒட்ட வேண்டும் என்பது அங்கே அளவுகோல். பெயின்ட் மிச்சமாகும், புகை குறையும். ஆனால் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்றைக் கேட்கும்.

மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறைக்கப்பட்ட அழுத்த கன். இது நல்ல நுண்மையையும் எச்.வி.எல்.பி.க்கு அருகிலான சிக்கனத்தையும் தரும். காற்றுத் தேவை பெரும்பாலும் 9 அல்லது 10 கன அடி. எல்.வி.எல்.பி. என்ற பெயரில் விற்கப்படும் சிறு கன்கள் 4 முதல் 6 கன அடியில் இயங்கும். அவற்றின் வீச்சு அகலம் குறைவு. பெரிய பரப்பை மெதுவாகத்தான் அடிக்க முடியும்.

ஒட்டும் அளவு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு வேலைக்கு 390 மில்லி கிளியர் கலவை வாகனத்தில் சேர வேண்டும் என்று கொள்வோம். 65 சதவீதம் ஒட்டும் கன்னில் 600 மில்லி கலந்தால் போதும். 35 சதவீதம் ஒட்டும் கன்னில் ஏறத்தாழ 1,115 மில்லி கலக்க வேண்டும். வித்தியாசமான அரை லிட்டர் காசும் போகிறது. அடிப்பவரின் மூச்சைச் சுற்றியும் மிதக்கிறது.

முதலில் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும்

கன் வாங்குவதில் அதிகம் நேரும் தவறு, கம்ப்ரசரின் திறனைப் பாராமல் வாங்குவதே. விலை உயர்ந்த எச்.வி.எல்.பி. கன்னை ஒரு எச்.பி. கம்ப்ரசரில் மாட்டினால், மலிவான சாதாரண கன்னைவிட மோசமான பரப்புதான் கிடைக்கும். காற்று போதாமல் துளிகள் பெரிதாகி, பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போல மேடுபள்ளமாக உலரும்.

தோராயமாக ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு 3.5 முதல் 4 கன அடி காற்று கிடைக்கும் என்று கொள்ளலாம். கம்ப்ரசர் தகட்டில் இதைவிடப் பெரிய எண் இருக்கலாம். அது பிஸ்டன் நகரும் கொள்ளளவைக் குறிப்பதாக இருக்கும். உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. வாங்கும்போது வெளிவரும் காற்றின் அளவைக் கேட்டு அறிய வேண்டும்.

டேங்க் பெரிதாக இருந்தால் சமாளிக்கலாமே என்ற எண்ணமும் உண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 எச்.பி. கம்ப்ரசர் 7 கன அடி தருகிறது. கன் 12 கன அடி கேட்கிறது. நிமிடத்துக்கு 5 கன அடி பற்றாக்குறை. 100 லிட்டர் டேங்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 4 பாராக இறங்கும்போது வெளிவருவது 400 லிட்டர், அதாவது ஏறத்தாழ 14 கன அடி. ஆகவே விசையை விடாமல் அழுத்தினால் மூன்று நிமிடத்துக்குள் டேங்க் தாழ்ந்துவிடும். ஒரு கதவையோ பம்பரையோ முடித்துவிடலாம். முழுக் காரை நிறுத்தாமல் அடிக்க முடியாது. நடுவில் காத்திருந்தால் ஈர விளிம்பு காய்ந்து, இணைப்புக் கோடு தெரியும்.

எனவே 1 எச்.பி. வைத்திருப்போர் சிறு பாகங்களுக்கு மட்டும் எல்.வி.எல்.பி. கன் வாங்கலாம். 2 எச்.பி. உள்ளோர், 7 கன அடிக்குள் இயங்கும் மேல் டப்பா சாதாரண கன்னை வாங்குவது நல்லது. 3 எச்.பி. இருந்தால் குறைக்கப்பட்ட அழுத்த கன் சரியாக இயங்கும். முழு அளவு எச்.வி.எல்.பி.க்கு 5 எச்.பி. வேண்டும், அதற்குப் பெரும்பாலும் மும்முனை மின் இணைப்பும் தேவைப்படும்.

நாசில் அளவு

கிளியர் கோட்டுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் பொருத்தம். நிறப்பூச்சுக்கு 1.2 முதல் 1.4 வரையும், பிரைமருக்கு 1.6 முதல் 2.0 வரையும் பயன்படும். 1.3 மெல்லிய கிளியருக்கும், 1.4 கெட்டியான கிளியருக்கும் எளிது. பிரைமர் அடித்த பெரிய நாசிலில் கிளியர் அடித்தால் அதிகம் கொட்டி, செங்குத்தான பரப்பில் வழிந்து இறங்கும். சிறிய நாசிலில் போதாமல் தின்னரை அதிகம் கலந்தால், காய்ந்த பிறகு பூச்சு மெலிந்து பளபளப்பு சீக்கிரம் மங்கும். தின்னர் அளவு கிளியர் டப்பாவில் அச்சிட்டுள்ளபடி இருக்க வேண்டும். அதற்கேற்ற நாசிலையே தேட வேண்டும். முடிந்தால் பிரைமருக்கு ஒரு கன்னும் கிளியருக்கு ஒரு கன்னும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பிரைமரின் ஒரு துகள்கூட கிளியரில் தெரியும்.

குழாயும் அழுத்தமும்

கம்ப்ரசரில் உள்ள அளவி காட்டும் அழுத்தம் கன்னில் கிடைப்பதில்லை. 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நீண்ட குழாயில் அழுத்தம் வழியிலேயே கணிசமாகக் குறையும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாயும் கன்னின் அடியில் ஒரு சிறு அளவியும் வேண்டும். விசையை முழுதும் அழுத்திக் காற்று பாயும்போதுதான் அளவைப் பார்க்க வேண்டும். எச்.வி.எல்.பி., குறைக்கப்பட்ட அழுத்த கன்கள் பொதுவாக 2 பார், அதாவது 29 பி.எஸ்.ஐ. அளவில் இயங்கும். சாதாரண கன் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. கேட்கும். எந்தக் கன்னுக்கும் அதன் தயாரிப்பாளர் குறித்த அளவே முதன்மையானது.

ஈரமும் வெயிலும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் வரும் நவம்பர், டிசம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது காற்றில் உள்ள ஈரம் கம்ப்ரசர் டேங்கில் நீராகத் தேங்கும். கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. அது நீருடன் சேர்ந்தால் கரியமில வாயு வெளிப்பட்டு, பூச்சில் ஊசிமுனைத் துளைகளும் குமிழிகளும் தோன்றும். பெயின்டர் கன்னைக் குறை சொல்வார். குற்றம் டேங்கில் இருக்கும். நாள்தோறும் டேங்கின் அடி வால்வைத் திறந்து நீரை வடிப்பதும், குழாய்ப் பாதையில் நீர் பிரிப்பானைப் பொருத்துவதும் கன்னுக்கு முன்பே செய்ய வேண்டிய செலவுகள்.

கோடையில் சிக்கல் வேறு. தகடு சுடும் வெயிலில் தின்னர் வழியிலேயே ஆவியாகி, துளிகள் பரவாமல் சொரசொரப்பாக ஒட்டும். மெதுவாக உலரும் தின்னரையும் ஹார்டனரையும் பயன்படுத்திக் காலையில் அடிப்பதே வழி. பௌர்ணமி கிரிவல நாட்களில் சாலையோரப் பட்டறைகளுக்குப் புழுதி அதிகம் வரும். அன்று பிரைமர், தேய்ப்பு வேலைகளை வைத்துக்கொள்ளலாம். தரையில் நீர் தெளித்துவிட்டு அடித்தால் தூசி அடங்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கடையிலோ நண்பரின் பட்டறையிலோ ஒரு தாளை ஒட்டி ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும். வடிவம் இருமுனையும் ஒத்த நீள்வட்டமாக வர வேண்டும். நடுவில் அதிகமும் ஓரத்தில் குறைவுமாக இருந்தால் காற்று போதவில்லை. நடு மெலிந்து எட்டு போல் பிரிந்தால் காற்று அதிகம் அல்லது பெயின்ட் குறைவு. வாழைப்பழம் போல் வளைந்தால் முன்மூடியின் ஒரு துளை அடைத்திருக்கலாம். மூடியை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடித்தால், வளைவும் திரும்பினால் குறை மூடியில். திரும்பாவிட்டால் குறை நாசிலில்.

பிரபல கன்களின் நகல்கள் சந்தையில் நிறைய உண்டு. அவற்றில் சில நன்றாக அடிக்கவும் செய்யும். ஆனால் ஊசி, நாசில், முன்மூடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. தேய்ந்தால் தொகுப்பாகவே மாற்ற வேண்டும். அந்தத் தொகுப்பு தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் எந்தக் கன்னையும் வாங்கக் கூடாது.

மூச்சுப் பாதுகாப்பு

ஐசோசயனேட் பனி நுரையீரலைப் பாதித்துத் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கும். 1984இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் இந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஹார்டனரில் இருப்பது வேறு பொருள்; அது எளிதில் ஆவியாகாது. ஆனால் தெளிக்கும்போது நுண்துளியாக மூச்சில் ஏறும். மணத்தை வைத்து ஆபத்தை அறிய முடியாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சிரைப்பைத் தரும். பெயின்டர் தொழிலையே விட நேரலாம்.

முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாயில் தரும் முகக்கவசமே சிறந்தது. அது இயலாத இடத்தில் கரிம ஆவிக்கான வடிகட்டியும் நுண்துகள் வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் முகக்கவசமாவது வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு பொருந்தாது. வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். உதவிக்கு நிற்கும் பையனுக்கும் இவை அனைத்தும் தேவை. தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அருகில் பீடி, வெல்டிங் இரண்டும் கூடாது.

பராமரிப்பு

ஹார்டனர் கலந்த கிளியர் கெட்டியாகிவிட்டால் எந்தத் தின்னரிலும் கரையாது. கோடையில் அது இன்னும் விரைவில் கெட்டியாகும். கடைசிக் கோட் முடிந்த உடனே டப்பாவைக் காலி செய்து, தின்னர் ஊற்றி அடித்து, நாசிலையும் மூடியையும் கழற்றி மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். துளைகளைக் கம்பியால் குத்தினால் வீச்சு வடிவம் நிரந்தரமாகக் கெடும். கன் முழுவதையும் தின்னரில் ஊறவைத்தால் உள்ளே உள்ள வாஷர்கள் கெடும். ஊசியிலும் விசையிலும் சிலிகான் இல்லாத கிரீஸ் ஒரு துளி போதும். சிலிகான் பட்டால் அடுத்த பூச்சில் மீன்கண் போன்ற குழிகள் விழும்.

செலவின் வரிசை

கையில் உள்ள பணத்தைப் பகிர்ந்து செலவிடும் சிறு பட்டறை முதலில் நல்ல முகக்கவசம், அடுத்து நீர் பிரிப்பானும் அகலமான குழாயும், அதன் பின் கம்ப்ரசருக்குப் பொருந்தும் கன் என்ற வரிசையில் வாங்குவது நல்லது. கம்ப்ரசரைப் பெரிதாக்கும் நாளில் கன்னையும் மாற்றிக்கொள்ளலாம்.